இருபதுக்கு இருபது

ஈப்போவில் சனிக்கிழமைதோறும் ஆறு பேருக்கு மேற்கத்திய செவ்வியல் இசையின் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களில் ஒருவர் சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் சரஸ்வதி, பாலர் பள்ளி ஆசிரியை. இந்தப் பாடத்துக்கான பரீட்சையில் தேறினால்தான் பள்ளியில் அவருக்கு இசை வகுப்பு தருவார்கள்.

ஒருநாள் இருபது இசைத் துணுக்குகளைப் போட்டு, பரோக், ரொமான்டிக் என்று எது எந்தக் காலத்து இசை என எழுதச் சொன்னேன். சரஸ்வதிக்கு இருபதும் சரி. என் விடைத்தாளை எப்படியோ பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். மறுவாரம் வேறு இருபது துணுக்குகள். விடைத்தாளை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தேன். மறுபடியும் இருபது.

“விடையை எங்கே பார்த்தீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

“உங்களப் பார்த்துத்தான் சார். பரோக் வந்தா விரல் விட்டு எண்ணுவீங்க. ரொமான்டிக் வந்தா கண்ண மூடிக்குவீங்க லா.”

“சாரேதான் விடைத்தாள்!” என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் வெளியே போய் நின்றுகொண்டு, இன்னொருவரை வேறு பத்துத் துணுக்குகளைப் போடச் சொன்னேன். சரஸ்வதிக்கு மூன்றுதான் சரி.

“பரீட்சைக்கு நீங்க வர மாட்டீங்களே சார்,” என்றார் மெதுவாக.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் எதைப் பார்த்து எழுதுகிறார் என்றுதான் யோசித்தேன். அவர் காதில் என்ன விழுகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை முதல் பாடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன், அவர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து.