சீட்டில் இல்லாத சொல்

சீட்டாடியே குடும்பத்தைக் கோட்டை விட்டவர் என்றுதான் அவரைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன். சொன்னவரும் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு அவர் மச்சான் சொன்னதாம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர், சாப்பாட்டு இடைவேளையில் சீட்டுக்கட்டைப் பிரித்தாரென்றால் மணி அடிப்பதுகூடக் காதில் விழாதாம்.

நானும் அதே மருத்துவமனையில்தான் வேலை என்பதால் போய்ப் பார்த்தேன். சீட்டு உண்மைதான். ஆனால் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஏணி, குடை, கரண்டி, வாளி என்று வெறும் படங்கள். சீட்டைப் புரட்டியதும் படத்தின் பெயரை, நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டு மொழியில் யார் முதலில் சொல்லி, அதன்மேல் அறைகிறார்களோ அவர்களுக்கே அது. ஆடுகிறவர்கள் நான்கு பேர், தாய்மொழி மூன்று, சண்டைக்கு மட்டும் மொழி தேவைப்படவில்லை.

"அண்ணே, சீட்டை எடுக்கிறீங்களா, மேஜையை உடைக்கிறீங்களா?" என்றார் துணி மடிக்கும் அக்கா.

"கை முந்தணும்க்கா. பொண்ணைப் பாத்து மூணு வருஷம் ஆச்சு. மெதுவா கத்துக்க எனக்கு ஏது நேரம்?"

மொழித் தேர்வில் தேறினால்தான் மனைவியும் மகளும் இங்கே வர முடியும். இரண்டு முறை தவறிவிட்டது. மூன்றாவதுதான் கடைசி.

இருநூற்று நாற்பது சீட்டும் அவருக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் சொற்கள் பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போலத் தனித்தனியாக நிற்கும், ஒன்றோடொன்று பேசாது. அந்த மூன்றாவது தேர்வில் அதிகாரியம்மா, குடை பிடித்த ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, இவள் எங்கே போகிறாள் என்று கேட்டிருக்கிறார். இவர் "குடை!" என்று கத்தி, ஓங்கி அறைந்து, படத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

"கேட்டதும் திருப்பிக் குடுத்துட்டேன் தம்பி. ஆனா நாந்தானே முதல்ல சொன்னேன்?"

முடிவுக் கடிதம் நேற்று வந்தது. இன்று மதியம், எச்சில் கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் அதை என்னிடம் நீட்டினார். பென்சிலால் ஐந்து வட்டம் போட்டிருந்தார்.

"மனைவி, மகள், நாடு, கடிதம், மாதம். அஞ்சும் நம்ம சீட்டு! காலையிலேயே வீட்டுக்குச் சொல்லிட்டேன். பொண்ணு தெருவுக்கே சொல்லிட்டு வந்துட்டா. ஆனாலும் நீங்க ஒரு தரம் படிச்சிடுங்க."

வட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னச் சொல் இருந்தது. பேச்சில் தலையை ஆட்டியே சமாளித்துவிடலாம். எழுத்தில் மட்டும் வருகிற மறுப்புச் சொல் அது. அதற்குப் படம் வரைய முடியாது. அதனால் எந்தச் சீட்டிலும் இல்லை.

தமிழில் சொல்ல எனக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டியிருந்தது. மனைவியும் மகளும் வர அனுமதி இல்லை, இனி தேர்வெழுதவும் முடியாது என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"எந்த வார்த்தை?"

விரலை வைத்துக் காட்டினேன். உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இத்துனூண்டா?"

அக்கா தம் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

மேஜைமேல் கைபேசி அடித்தது. மகள். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. எடுக்கும் முன்பே திரையில் நம் முகம் தெரிந்துவிடும். அவர் குழாயடியில் கையை நனைத்துத் தலையில் தடவிக்கொண்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, திரையைப் பார்த்து வகிடு எடுத்தார். கோணலாக வந்தது. கலைத்துவிட்டு மறுபடி எடுக்கத் தொடங்கினார். கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.