தேசிக்காய்க்கு மேல் ஏறிய பிக்கப்

யூரோ புதிதாக வந்த காலம். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் துருப்பிடித்த பழைய பிக்கப் ஒன்றை நான் வாங்கியபோது, நான் அத்தான் என்று கூப்பிடும் கணவரின் தமையன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் இரண்டு குளிர்காலம் துரு சுரண்டினேன். செத்துப்போன எஞ்சினைக் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய வான் ஒன்றின் எஞ்சினை வாடகைக் கிரேனால் தூக்கி நானே பொருத்தினேன்.

முதல் ஓட்டத்துக்கு வீட்டார் பார்த்த நல்ல நேரம் ஞாயிறு காலையில் விழுந்தது. ஜெர்மனியில் ஞாயிறு சத்தம் போடக் கூடாது என்பது, கற்பூரம் கொளுத்தும் அவசரத்தில் ஒருவருக்கும் நினைவில்லை.

எலுமிச்சையைத்தான் நாங்கள் தேசிக்காய் என்போம்; கண்ணூறு கழிய, நசித்துக்கொண்டு புறப்படவென்று சில்லுகளுக்குக் கீழே அதை வைத்தார்கள். எஞ்சினுக்கு மேல் மூடியான பொனற்றை மூடாமலே நான் எஞ்சினை முடுக்கினேன். தெரு அதிர்ந்தது. உடனே அத்தான் கதவைத் திறந்தார்.

"இறங்கும் பிள்ளை. முதல் ஓட்டம் ஆம்பிளை ஓடினாத்தான் நல்லது."

அதற்குள் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் வீட்டுச் செருப்போடு கத்திக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் மன்னிப்புக் கேட்கத் தயாரானார்கள். அவரோ பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்த எஞ்சினை இதற்குள் இறக்கியது யார்?"

"நாங்கள்தான்," என்றார் அத்தான்.

"நாங்கள் இல்லை, நான்," என்றேன் ஜெர்மனில்.

"அப்படியானால் நீங்களே இதை இங்கிருந்து எடுங்கள். இப்போதே!" பொனற்றை அவரே படாரென்று மூடினார்.

அத்தான் இன்னும் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"இறங்க ஏலாது அத்தான். கையை எடுங்கோ."

தேசிக்காய்கள் நசிந்தன. தேசிக்காய் மேல் வண்டியைப் பெண் ஏற்றியது தோஷம் என்று வீட்டில் இன்றும் முணுமுணுக்கிறார்கள். செய்தது யார் என்று கேட்டவர், சண்டைக்கு வந்த அந்த மனிதர் ஒருவர்தான். பிக்கப் இன்னும் ஓடுகிறது. ஓட்டுவது நான்.