நான்காவது விதி

1. கணினிக்கு ஒரு புதிய போர் விளையாட்டு வரப்போவதாக அறிவித்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது.
2. நானும் என் தாய்மாமாவும் அதற்காகக் காத்திருந்தோம்.
3. வெளியீடு இரண்டு முறை தள்ளிப்போனது.
4. காத்திருந்த நாட்களில் நான் ஒரு விதி எழுதினேன்.
5. விளையாட்டு வந்தது. அதற்குள் மாமாவுக்குக் கண் பார்வை போய்விட்டது.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. பிழை எங்கே நுழைந்தது என்று தேடும்போது இப்படித்தான் எழுதிக்கொள்வேன். இந்த வரிசையில் அது நான்காவது.

மாமா அம்மாவின் தம்பி. திருத்தணியில் எங்களோடுதான் இருந்தார். காலை ரயிலில் அரக்கோணம் போய், ஒரு கடையில் செல்போன் பழுதுபார்த்தார். எங்கள் வீட்டுக் கணினியையும் பழைய பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கியிருந்தார். அதுவரை அதில் நாங்கள் ஆடியதெல்லாம் பனி பெய்கிற ஊர்களின் சண்டைகள். வரப்போகும் விளையாட்டில் தென்னாட்டு அரசுகள் இருக்குமாம். முன்னோட்டக் காட்சியில் காஞ்சிக்கு வடக்கே ஒரு மேடு தெரிந்தது. படத்தை நிறுத்தி, அதன்மேல் விரலை வைத்தேன்.

"நம்ம மலை மாமா! தெரியுதா?"

"ஆங், தெரியுது தெரியுது."

அவர் திரையின் வேறொரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் ஏதோ இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் முறை வெளியீடு தள்ளிப்போன மாதத்தில் மாமா வேலையை விட்டார். முதலாளியோடு ஒத்துப்போகவில்லை என்றார். எனக்கு அதில் லாபம்தான். பள்ளிவிட்டு வந்தால் ஆள் வீட்டிலேயே இருப்பார். பொழுது சாய்ந்தால் வாசலைத் தாண்ட மாட்டார். "இன்னா மாமா, கோழி மாதிரி ஆறு மணிக்கே அடைஞ்சிக்கற?" என்று கேட்பேன். கொக்கொக் என்று கூவிக் காட்டுவார்.

விளையாட்டு வரும்வரை பயிற்சி எடுப்பதென்று முடிவு செய்தோம். முன்னோட்டத்தைப் பார்த்து, ஒரு சார்ட்டில் வரைபடம் வரைந்து, கட்டம் போட்டேன். மாமாவின் படை புளியங்கொட்டை. என்னுடையது சோடா மூடி. அம்மா அடுக்களையிலிருந்தே திட்டுவாள்: "வேலய வுட்டுட்டு புளியங்கொட்ட அடுக்கிகினு கீறான் பாரு."

ஒவ்வொரு முறையும் நகர்த்துவதற்கு முன்னால் மாமா சார்ட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரல்களை மெல்ல ஓட்டுவார். அவருடைய கொட்டைகளின் மேலும் என் மூடிகளின் மேலும் அவை நின்று நின்று போகும். எனக்குப் பொறுமை போய்விடும்.

"இன்னா மாமா, தடவிகினே கீற?"

"ராஜா படைய தட்டிக் குடுக்க வாணாமா பாப்பா?"

"என் படைய நீ ஏன் தட்டிக் குடுக்கற?"

அவர் அதிகமாக ஜெயித்ததும் என் எரிச்சலுக்கு ஒரு காரணம். நோட்டில் ஏற்கெனவே மூன்று விதிகள் இருந்தன. நான்காவதை எழுதினேன்: காயைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. தொட்டால் அந்த முறை போச்சு. கையெழுத்துப் போடச் சொல்லி நோட்டை நீட்டினேன். "நீயே படிச்சிக் காட்டு" என்றார். படித்தேன். "எங்க போடணும்?" என்றார். காட்டிய இடத்தை விட்டு மூன்றாம் விதியின் மேலேயே போட்டார். கிண்டல் செய்கிறார் என்று கோபம் வந்தது.

அதன்பிறகு மாமா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. "கெழக்கால இன்னா கீது பாப்பா?" என்று கேட்பார். "கண்ணு இல்லியா? பாத்துக்கோ" என்பேன். ஒருநாள் தண்ணீர்ச் செம்பை எடுப்பதுபோலக் கையைக் கொண்டுபோய் என் மூடிகளைத் தொட்டார். பிடித்துவிட்டேன். "தொட்ட! முறை போச்சு!" என்று கத்தினேன். "ஆங், போச்சு. திரும்ப அடுக்கு" என்றார். என் வெற்றிகளை நோட்டில் தேதியோடு குறித்து வைத்தேன்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் அடங்கியபின் மூவரும் மலைக்குப் போனோம். அம்மா ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர் வாங்கி, உண்டியல் முன்னால் வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தேன். கணினியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதாகத் தினமும் ஏச்சு வாங்குகிறவளும் நான்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பவர் கம்மிதான்" என்று ஆறுதல் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஆங், வா" என்று சொல்லி, கண்மலரை உண்டியலில் போட்டாள். படி இறங்கும்போது மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். "கனமா கீற மாமா, கைய எடு" என்றேன். எடுத்தார். அடுத்த படியில் நின்றுவிட்டார். அம்மா திரும்பி ஏறி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது முறையும் தள்ளிப்போன பிறகு, அரைப்பரீட்சை விடுமுறையில் விளையாட்டு வந்தது. இணையத்திலிருந்து இறக்குவதற்கு ஒரு முழு நாள் பிடித்தது. மாமா சட்டை மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மத்தளச் சத்தத்தோடு திரை திறந்தது.

"எனக்குத் தெரில பாப்பா. இன்னா கீதுன்னு நீ சொல்லு."

ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது போல என்று திரையைத் திருப்பி வைத்தேன். இப்படிப்பட்ட விளையாட்டுகளில் நம் படை போகாத இடமெல்லாம் இருட்டாகத்தான் இருக்கும்.

"எல்லாம் கருப்பாதான் கீது மாமா. நடுவுல கொஞ்சூண்டு வெளிச்சம், அவ்ளோதான். போவப் போவத் தெரியும்."

மாமா தலையாட்டினார். கதவருகே நின்றிருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்கு இந்த விளையாட்டென்றாலே ஆகாது என்று நினைத்துக்கொண்டு, முதல் படையைக் கிழக்கே நகர்த்தினேன்.

மாமா இப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். பகலா இரவா என்பது மட்டும் தெரியும். விளையாட்டின் அடுத்த பாகமும் வந்துவிட்டது, நான் வாங்கவில்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது. நான்காவது விதியை நான் இன்னும் கோடு போட்டு அடிக்கவில்லை. அதைப் பற்றி மாமாவிடம் பேசவும் இல்லை.