பேரீச்சம்பழத்துக்கு முன்னால் போன கை

முதலில் வந்தது கொட்டாவிதான். அந்த நோன்பு மாதத்தில் பின்னேரம் மூன்று மணி தாண்டினால் போதும், கொட்டாவிமேல் கொட்டாவி. மூக்கு ஒழுகும், வியர்த்துக் குளிரும், கால்கள் ஓரிடத்தில் நிற்காது. நோன்புக் களைப்பு என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

நான் காத்தான்குடியில் கைத்தறி நெய்கிறவள். தறியில் இருந்து இருந்தே இடுப்பில் முள்ளந்தண்டுத் தட்டு விலகியது. இரண்டு கிழமைக்கென்று வலுவான வலி மாத்திரை தந்தார்கள். இரண்டு கிழமை ஒன்றரை வருடமானது. ஒன்று போதாமல் இரண்டானது (இதைத் தாங்குதிறன் என்கிறார்கள்: உடம்பு பழகி, பழைய அளவு வேலை செய்யாமல் போவது). ஒரு மருந்துக்கடையில் கேள்வி கேட்டால் அடுத்த கடைக்குப் போனேன். மாத்திரைகளை நூல் பெட்டிக்குள் ஒளித்தேன். வலி மாத்திரையை எதற்கடி ஒளிக்கிறாய் என்று என்னை நானே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒரு மாலை, நோன்பு திறக்கப் பாங்கு சொன்னது. மகள் நஸ்ரின் பேரீச்சம்பழத் தட்டை நீட்டினாள். என் கை தட்டைத் தாண்டி, முந்தானையில் முடிந்திருந்த மாத்திரைக்குப் போனது.

“உம்மா, இப்ப இடுப்பு நோகுதா?”

“இல்ல மகள்.”

மாத்திரை விஷயத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அது. சொன்னதும் பயந்துபோனேன்.

மறுநாள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார்.

“இது அபின் குடும்பத்து மருந்தம்மா. விடியமுன்ன ஸஹர் சாப்பாட்டோட போடுறது பின்னேரத்துக்குள்ள தீர்ந்திடுது, அதுதான் கொட்டாவி. உடம்பு அடிமையாப் போயிட்டு. சட்டெண்டு நிப்பாட்டாதீங்க, கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம். அதுவரைக்கும் நோன்பு வேணாம்.”

விஷயம் தெரிந்ததும் என் தங்கச்சி பதறினாள். “ராத்தா, வெளிய சொல்லாதங்க. போதைத் தூள்காரரோட உங்களையும் சேத்திருவாங்க.”

“சேக்கட்டும். தூள் குடிக்கிற புள்ளைக்கும் இப்பிடித்தான் மூக்கு ஒழுகுது. என்ட மூக்கு மட்டும் மரியாதையான மூக்கா?”

கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சிலர் வாசலுக்கு வருவதை நிறுத்தினார்கள். இருக்கட்டும்.

குறைத்து முடிக்க மூன்று மாதம் பிடித்தது. விலகல் அறிகுறிகள் (பழகிய மருந்து குறையும்போது உடம்பு படும் பாடு) என்னைப் பிழிந்தெடுத்தன. இரண்டு தடவை வழுக்கி, சொன்ன அளவுக்கு மேல் போட்டேன். இரண்டு தடவையும் நஸ்ரினிடம் நானே சொன்னேன்.

வலி வருமுன்பே மாத்திரையைத் தேடுகிறீர்களா? எத்தனை போட்டேன் என்பதில் பொய் சொல்கிறீர்களா? வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். ஊர் பேசும். பேசிவிட்டுப் போகட்டும்.

விட்ட நோன்புகளையெல்லாம் பிறகு பிடித்துத் தீர்த்தேன். இடுப்பு இன்னும் நோகிறது. ஆனால் எது வலி, எது ஆசை என்று இப்போது தெரிகிறது. மாத்திரைக்கு மாத்திரை துண்டுபட்டிருந்த நாள், முழு நாளாகத் திரும்பியிருக்கிறது.

இந்த வருடம் முதல் நோன்பன்று பாங்கு சொன்னதும் பழத்தை எடுத்தேன். நிமிர்ந்து மகளைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. கஞ்சி ஆறுகிறதென்று கோப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.