விலா எலும்பு தெரிகிற சூசையப்பன்

எங்கள் எஸ்டேட்டில் பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு இயேசு வேஷம் யாருக்கு என்று பேச்சே எழுந்ததில்லை. சூசையப்பனுக்குத்தான். தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்க்கிறவர். விலா எலும்பை எண்ணிவிடலாம். கல்யாணப் பேண்ட் தொடையில் இன்னும் தொளதொளவென்றுதான் இருக்கிறது. இடுப்புப் பட்டன் மட்டும் சேராது. துணி சுருங்கிவிட்டதாம்!

அவர் மனைவி ஞானஜோதியின் தம்பி மிக்கேல்ராஜ் நல்ல பருமன். மாட்டுப்பட்டி ஊர்ப் பக்கம் மாட்டுப் பண்ணைக்குப் புல் சுமக்கிறான். நாடகத்தில் சாட்டை பிடிக்கும் சேவகன்.

"ஏலே குண்டா, போய் சுகர் பாரு. எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று சூசையப்பன் அவனைச் சீண்டுவார். தவக்காலத்தில் பகலெல்லாம் ஒருசந்தி இருந்துவிட்டு, சாயந்தரம் சீனி அள்ளிப் போட்ட சாயாவும் பரோட்டாவுமாக வெளுத்துக் கட்டுவார். விரதம் உடம்பைச் சுத்தம் பண்ணிவிடும் என்று அவர் கட்சி. பக்கத்து வீட்டுக்காரன் நான் சொன்னால் காதில் ஏறுமா?

இந்த வருஷ ஒத்திகையில், சிலுவையோடு ஏற்றத்தில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். ஞானஜோதி சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். துணைக்குப் போன மிக்கேல்ராஜையும் நர்ஸ் ஜிஸ்மி சோதிக்காமல் விடவில்லை. சூசையப்பனின் எடை சரியாகத்தான் இருந்தது. வயிற்றைச் சுற்றி டேப் வைத்ததும் ஜிஸ்மியின் முகம் மாறியது. சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்பு எல்லாமே ஏறிக் கிடந்தன. மிக்கேல்ராஜுக்கு ஒன்றுமில்லை.

"ரெண்டு பேர் ரத்தமும் மாறிப்போச்சும்மா" என்றார் சூசையப்பன்.

"மாறல அண்ணே. கையும் காலும் ஒல்லி, கொழுப்பெல்லாம் வயித்துக்குள்ள. மிக்கேல் அண்ணனும் தப்பிச்சோம்னு இருக்க வேண்டாம், வருஷாவருஷம் வரணும். நீங்க டாக்டர் சொல்ற வரைக்கும் சிலுவை தூக்கக் கூடாது."

சர்க்கரைக்கு அசராத மனுஷன் அதைக் கேட்டு உடைந்துபோனார். எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பெரிய வெள்ளியன்று மிக்கேல்ராஜ் இயேசுவாக வந்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாட்டை சூசையப்பன் கையில். ஏற்றத்தில் அவன் மூன்றாம் முறை விழுந்தபோது சிரிப்பெல்லாம் அடங்கி, பெண்கள் அழத் தொடங்கியிருந்தார்கள். அடிக்க வேண்டிய சேவகன் சாட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தார்.

"மாப்ளே, முடியலன்னா சொல்லுல."

சிலுவைக்கடியிலிருந்து தலை நிமிர்ந்தது.

"எனக்கென்ன அத்தான். நீங்க மாத்திரை போட்டீங்களா? அடுத்த வருஷம் நீங்கதான் சுமக்கணும்."