அங்கமுத்து அண்ணன் ஏறாத விமானம்

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். எந்த விமானம் மலிவு, எது தாமதமாகும், எவன் பெட்டிக்குத் தனியாகக் காசு பிடுங்குவான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வெளிநாடு போகிற எங்கள் சனம் என் பேச்சைத் தட்டாது. ஒரே ஒருவரிடம் மட்டும் அது எடுபட்டதே இல்லை. அவர் அங்கமுத்து அண்ணன்.

சிங்கப்பூருக்குக் கிரேன் ஓட்டப் போனவர், இப்போது அங்கேயே சூப்பர்வைசர். கம்பெனி அவரை நாடு நாடாக அனுப்பும். எங்கே போனாலும் ஒரே விமானக் கம்பெனிதான். அதில் பறக்கப் பறக்கப் பாயிண்ட் சேரும். சேர்ந்ததைப் பார்த்து அவர்கள் தங்க நிறத்தில் ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துக் காட்டாமல் என் கடையில் ஒரு டீ குடிக்க மாட்டார்.

"அண்ணே, வேற பிளைட்டு கம்மியா இருக்கு. ஏன்ணே இதையே கட்டிக்கிட்டு அழுவுறீங்க?" என்பேன்.

"அட போ வளரு. ஒரே எடத்துல போயிட்டு வந்தாத்தான் மனுசனுக்கு மரியாதை."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விமானக் கம்பெனி என்ன மாமனா மச்சானா, போனதும் பாய் விரித்துப் போட?

அவர் மகள் கவியா கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டுப் பொறுப்பு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை இங்கே கூட்டிவந்துவிடுவோம். ஆனால் கவியாவுக்கு ரத்தக் கொதிப்பு. விமானமே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாவிட்டால் தாய் போகத்தானே வேண்டும்? அம்சவள்ளி அண்ணி முந்திரி வியாபாரி. யாவாரத்துக்கு விருத்தாசலம், கடலூர் என்று சுற்றுவாரே தவிர விமானம் ஏறியதில்லை. லீவில் வந்திருந்த அண்ணன் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

அண்ணிக்குப் பாயிண்டில் டிக்கெட், தனக்குக் காசு கொடுத்து என்றார். சரி, இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு அவளுக்கு மட்டும் போடு. நாளு நல்லா இருக்கு. எனக்குச் சந்திராஷ்டமம், நாளைக்கழிச்சிப் போட்டுக்குறேன்."

"ஒண்ணாப் போட்டாத்தான்ணே கார்டுக்கு உள்ள சலுகை அண்ணிக்கும் கெடைக்கும்."

"ஒரே பிளைட்டுதானே? போடும்மா."

சந்திராஷ்டமத்தோடு யார் வாதாடி ஜெயிப்பது? தனித்தனியாகப் போட்டேன். அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்.

பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை கிளம்பினார்கள். அதற்குள் கவியாவுக்குக் கொதிப்பு ஏறி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். "நீ வந்தாத்தாம்மா நான் தியேட்டருக்குள்ள போவேன்" என்று போனில் அழுதாளாம்.

மத்தியானம் சோற்றில் கை வைக்கிறேன், திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து அண்ணன் கூப்பிடுகிறார். விமானத்தில் ஏதோ கோளாறு, ரத்து. மறுநாள் விமானத்தில் ஒரே ஒரு சீட்டு. தங்கக் கார்டுக்காரர் என்று அதை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்ணிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் இடமாம்.

கை கழுவிவிட்டு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திருச்சி, மதுரை, சென்னை எங்குமே வெள்ளிக்கு முன்னால் இடமில்லை. பொங்கலுக்கு வந்த கூட்டம் அத்தனையும் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "பாத்தீங்களா? நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன்ல!" என்று கத்தினேன்.

அவர் போனை வைக்கவில்லை. அப்படியே கவுண்ட்டரில் பேசினார், எனக்குக் கேட்டது.

"என் சீட்டை இவங்களுக்குக் குடுங்க சார்."

"கார்டு உங்க பேர்ல இருக்கு சார். அவங்க புக்கிங் வேற. மாத்த முடியாது."

"சார், பொண்ணு பிரசவத்துக்கு நான் போயி என்னா கிழிக்கப் போறேன்? வெளில நிப்பேன், அவ்ளோதான். இவ போனாத்தான் எம் பொண்ணுக்குத் தெம்பு." அதோடு நிறுத்தவில்லை. "இத்தனை வருசமா ஒங்க பிளைட்ட வுட்டா வேற ஏறுனதில்ல. ஒரே ஒரு தடவ நான் ஏறாம இருந்துக்குறேன். அந்த எடத்துல இவள ஏத்துங்க."

கவுண்ட்டர்காரர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், மேலதிகாரி போலிருக்கிறது: "மேடம், தனியாப் போவீங்களா?"

"ஏன், வண்டி தானாத்தானே போவுது? நான் உக்காரத்தானே போறேன்?" என்றார் அண்ணி.

அண்ணிக்குச் சீட்டு மாறியது. பத்தியச் சாமான் பெட்டியும் கூடவே போனது. வியாழக்கிழமை சாயங்காலம் மருமகன் சிங்கப்பூரில் வந்து கூட்டிப்போனார்.

வெள்ளிக்கிழமை காலை, தியேட்டர் வாசலில் கவியா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்: "அப்பா ஏம்மா வரல?"

"ஒங்கப்பன் சீட்டுலதான்டி நான் வந்துருக்கேன். பேசாம உள்ள போ" என்றாராம் அண்ணி.