மூன்றாவது பெயர்

"டேவிட்டு..."

உள்ளறையிலிருந்து வந்த குரல் பாதியில் இழுத்து நின்றது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த டேவிட், "இதோ கீறேன்மா" என்று குரல் கொடுத்துவிட்டுத் தங்கை ஜெயகுமாரியைப் பார்த்து உதட்டைச் சுழித்தான்.

"கேட்டுக்கினியா? உன் கையில சோறு துன்னுகினு என் பேரைத்தான் சொல்லுது."

பக்கவாதத்தில் அம்மா சகாயம்மாள் விழுந்த நாளிலிருந்து பீ மூத்திரம் அள்ளிப் போட்டவள் ஜெயகுமாரி. இத்தனை காலம் எட்டிப் பார்க்காத அண்ணன், வெள்ளானூரில் மனை விலை ஏறியதும் அம்பத்தூரிலிருந்து ஆட்டோவோடு வந்துவிட்டான். வீடு அம்மா பெயரில் இருந்தது. அம்மாவைக் கொண்டுபோனால் வீடும் பின்னாலேயே போகும் என்பது அவன் கணக்கு.

கட்டியவன் கைவிட்ட பிறகு ஜெயகுமாரி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபின்ச் குருவிகளின் கூண்டு கழுவப் போனாள். அங்கே குருவியின் மூளைக்குள் மயிரிழைக் கம்பி வைத்திருப்பார்கள். அது பாடும்போது ஓரிடத்தில் லேசாக மின்சாரம் தொட்டால் ஒரு சுரம் மட்டும் கெடும். மிச்சப் பாட்டு வரிசை மாறாமல் ஓடும். அதற்கு மேலே, வரிசையையே பிடித்து வைத்திருக்கும் இடத்தில் தொட்டால் பாட்டு அறுந்துவிடும். அறுந்த இடத்திலிருந்து தொடராது. முதல் சுரத்துக்கே திரும்பும். அதைப் பார்த்த அன்று அம்மாவை நினைத்து அவள் கூண்டுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

அம்மா கடைக்குட்டியான அவளை ஒருநாளும் நேராகக் கூப்பிட்டதில்லை. டேவிட், பாஸ்கல், ஜெயா என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் ஓட்டித்தான் அவளிடம் வந்து சேர்வாள். நடுப்பிள்ளை பாஸ்கல் ஆவடியில் ரயிலில் அடிபட்டுச் செத்தான். அந்த வரிசையில் மட்டும் அவன் சாகவில்லை.

"டேவிட்டு..."

"வரேன்மா" என்று அவன் குறுக்கே விழுந்தான். குரல் அறுந்தது. சற்று நேரத்தில் மறுபடி, "டேவிட்டு..."

"அம்மா துணியை மூட்டை கட்டு. ஆட்டோ நிக்குது."

"கட்டறேன். ஒரு தபா வாயை மூடிக்கினு நில்லு. அப்பவும் உன் பேரோட நிறுத்திச்சுன்னா இட்டுகினு போ."

குருவிப் பீ வழிக்கிறவள் தனக்குச் சட்டம் சொல்வதா என்று அவன் எகிறினான். ஆனாலும் ஜெயித்துவிடும் தைரியத்தில் அறை வாசலில் வந்து நின்றான்.

"டேவிட்டு..."

அவன் வாய் திறக்கப் போனான். ஜெயகுமாரி முறைத்தாள். மின்விசிறி கிறீச்சிட்டது. அம்மாவின் கோணல் உதடு எதையோ தேடியது.

"பாஸ்கலு..."

கிழவியின் ஒரு கண்ணிலிருந்து நீர் தலையணைக்கு இறங்கியது. டேவிட் தரையைப் பார்த்தான்.

"ஜெயா... தண்ணி."

அவள் அம்மாவின் தலையைத் தாங்கிப் பிடித்துத் தம்ளரை வாயில் வைத்தாள். பிறகுதான் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சோத்துல இன்னா மருந்து வெச்சுக் குடுத்தே?" என்றான் டேவிட்.

"கௌம்பு."

"கல்லறைக்குக்கூட வரமாட்டேன்."

"வராதே."

வாசலில் அவன் செருப்பை மாட்டும்போது உள்ளிருந்து மறுபடி, "டேவிட்டு..." என்று கேட்டது. அவன் கால் நின்றது.

அது யாருக்கான அழைப்பு என்று ஜெயகுமாரிக்குத் தெரியும். அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.